ஏர் ஃபில்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு போதாது

கார் சர்வீஸ் பில்லில் தவறாமல் இடம்பெறும் வரிகளில் ஒன்று ‘ஏர் ஃபில்டர்’. ஒருமுறை ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று இருக்கும். மறுமுறை ‘மாற்றப்பட்டது’ என்று இருக்கும். எதற்காக என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “இல்லாவிட்டால் மைலேஜ் குறையும் சார்” என்பதுதான். இந்தப் பதிலை நம்பித்தான் பலர் ஃபில்டரை மாற்றுகிறார்கள். மாற்றாமல் விடுகிறவர்களும் இதே பதிலை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மைலேஜ் குறையவில்லையே, பிறகு எதற்கு வீண் செலவு என்பது அவர்கள் கணக்கு. இன்றைய பெட்ரோல் கார்களைப் பொறுத்தவரை அந்தப் பதில் சரியல்ல. ஃபில்டர் காரில் இருப்பது இன்ஜினின் ஆயுளைக் காப்பதற்காக. அந்த ஆயுளைத் தீர்மானிப்பது ஓடிய கிலோமீட்டரைவிட, ஓடிய சாலையின் தூசி. இதை ஏற்றுக்கொண்டால் ஃபில்டரை எப்போது மாற்றுவது, எப்போது தொடாமல் விடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நாம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கும் விடைகள் மாறியாக வேண்டும்.

முதலில் மைலேஜை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்து 2009-இல் அறிக்கை வெளியிட்டது. கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் நவீன கார்களில், வேண்டுமென்றே அடைக்கப்பட்ட ஃபில்டரோடும் புதிய ஃபில்டரோடும் ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வேகமெடுக்கும் திறனில்தான், அதாவது நம்மவர்கள் ‘பிக்அப்’ என்று சொல்வதில்தான், 6 முதல் 11 சதவீதம் வரை வேறுபாடு இருந்தது. காரணம் எளிமையானது. பெட்ரோல் இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் த்ராட்டில் என்ற தகடு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கு அது திறக்கும். ஊருக்குள் சாதாரணமாக ஓட்டும்போது பெரும்பாலும் மூடியே இருக்கும். ஃபில்டர் அடைபட்டால் ஓட்டுநர் தம்மை அறியாமல் கொஞ்சம் கூடுதலாக மிதிப்பார். தகடு கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவு கடைசியில் அதேதான். உள்ளே வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைச் சென்சார்கள் அளந்து கொடுத்துவிடும். கார்புரேட்டர் காலத்தில் இந்த ஏற்பாடு கிடையாது. ஃபில்டர் அடைத்தால் உறிஞ்சும் விசை கூடி, தேவைக்கு மேல் பெட்ரோல் இழுக்கப்படும்; மைலேஜ் உண்மையாகவே குறையும். அந்தக் காலத்து அனுபவம் வொர்க்‌ஷாப்களில் இன்னும் வாய்வழியாக வாழ்கிறது. பழைய அம்பாசடருக்கும் பத்மினிக்கும் சரியாக இருந்த அறிவுரை இன்றைய காருக்கு அப்படியே பொருந்தாது.

அப்படியானால் ஃபில்டர் எதற்கு? இதற்கு இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கக் களம் தெளிவான விடை தருகிறது. பிரிட்டிஷ் விமானப்படை ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களை அந்தப் பாலைவனத்துக்கு அனுப்பியபோது, அவற்றின் மூக்குக்குக் கீழே ‘வோக்ஸ்’ என்ற பெரிய காற்று வடிகட்டியைப் பொருத்தி அனுப்பியது. அதனால் விமானத்தின் வேகமும் மேலேறும் திறனும் குறைந்தன. வானில் எதிரியைத் துரத்தும் விமானிக்கு வேகம் என்பது உயிர். அப்படியிருந்தும் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள். மணல் புகுந்த இன்ஜின் சீக்கிரமே தேய்ந்து பயனற்றுப் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் எகிப்தின் அபூகிர் பராமரிப்புப் பிரிவில் அதைவிடச் சிறிய வடிகட்டியை உருவாக்கி வேக இழப்பைக் குறைத்தார்கள். வடிகட்டியைக் கழற்றி எறியவில்லை. போர்க்களத்தில்கூட வேகத்துக்கும் ஆயுளுக்கும் இடையே ஆயுளைத் தேர்ந்தெடுத்த அந்த முடிவுதான் இன்று நம் கார்களின் முன்மூடிக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெட்டி வழியாகப் போகும் காற்றின் அளவைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேல் காற்று. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் 10,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது சுமார் 60 லட்சம் லிட்டர், அதாவது 6,000 கனமீட்டர் காற்றை இழுத்திருக்கும். அந்தக் காற்றில் எவ்வளவு தூசி? இந்தியாவின் காற்றுத் தர நெறிப்படி, 10 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள் ஆண்டு சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அந்த நெறிக்கு உட்பட்ட காற்றில் மட்டுமே ஓடிய கார் 10,000 கி.மீ. தூரத்தில் சந்திக்கும் நுண்துகள் அரை கிராம்கூட இல்லை. அதே கார் மண்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடுகிறது, அங்கே கனமீட்டருக்கு 10 மில்லிகிராம் தூசி என்று வைத்துக்கொள்வோம்; கண்ணுக்குத் தெரிந்து புழுதி பறக்கும் இடத்தில் இது மிகையான கணக்கல்ல. அப்போது 10,000 கி.மீ. ஓட்டத்தில் ஃபில்டருக்கு வந்து சேருவது 60 கிராம். ஓடோமீட்டர் இரண்டு கார்களுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஃபில்டர் சுமந்த தூசியிலோ நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

பல கார்களின் கையேடுகள் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றச் சொல்கின்றன. கூடவே, தூசி மிகுந்த சாலைகளில் அதைவிட முன்னதாகப் பார்த்து மாற்ற வேண்டும் என்றும் சொல்கின்றன. முதல் பாதி எல்லோர் காதிலும் விழுகிறது, இரண்டாம் பாதி விழுவதில்லை. ஆனால், தமிழ்நாட்டில் பெரும்பகுதிக் கார்களுக்குப் பொருந்துவது இரண்டாம் பாதிதான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகள், கல்குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் போகும் வழிகள், எம்-சாண்ட் ஏற்றித் தார்ப்பாய் போடாமல் வரும் டிப்பர்களின் பின்புறம், சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காகத் தோண்டப்பட்ட சாலைகள், நான்குவழிச் சாலை விரிவாக்கத்தின் மாற்றுப்பாதைகள் என இவை எல்லாமே தூசிச் சாலைகள். இப்படியொரு வழியில் தினமும் வேலைக்குப் போகிறவர் 40,000 கி.மீ. வரை காத்திருக்கக் கூடாது. பத்தாயிரத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது அவருக்குக் கட்டாயம். மாறாக, பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓடும் கார் 20,000 கி.மீ. தொட்டதும் “மாற்றிவிடலாமா?” என்று கேட்டால், பார்க்காமல் தலையாட்ட வேண்டியதில்லை.

தூசி உள்ளே போனால் என்ன ஆகும்? நம் சாலைத் தூசியில் கணிசமான பங்கு மணலின் மூலப்பொருளான சிலிக்கா. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கத்தி செய்யும் எஃகு சுமார் 5.5. இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள்தான். அதைவிடச் சற்றே பெரிய, கண்ணுக்குத் தெரியாத துகள்களே அதிகக் கேடு செய்பவை. அவை அந்தப் படலத்தைத் தாண்டி இரண்டு உலோகப் பரப்புகளையும் ஒருசேர உரசுகின்றன. உரசியவை ஆயிலில் கலந்து பேரிங்குகளுக்குப் போகின்றன. வால்வு உட்கார வைக்க மெக்கானிக் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்டை நாமே இன்ஜின் ஆயிலில் கலந்து ஊற்றியது போலத்தான். பெரிய லாரி நிறுவனங்களும் சுரங்க நிறுவனங்களும் பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கும்போது, சிலிக்கான் அளவும் இரும்பின் அளவும் சேர்ந்து உயர்ந்திருந்தால் முதலில் சந்தேகப்படுவது ஏர் ஃபில்டரையும் அதன் குழாய் இணைப்புகளையும்தான். டர்போ உள்ள கார்களில் இன்னொரு பாதிப்பும் உண்டு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் கம்ப்ரசர் இறக்கையின் மீது தூசி மோதும்போது அதன் விளிம்பு அரித்துப்போகிறது.

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அடைபட்ட ஃபில்டர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: பிக்அப் குறையும், மேடு ஏற வண்டி திணறும், டீசல் என்றால் புகை கக்கும். கிழிந்த ஃபில்டரோ, விளிம்பு சரியாக உட்காராத ஃபில்டரோ எந்த அறிகுறியும் காட்டாது. சொல்லப்போனால் காற்று தடையின்றிப் போவதால் வண்டி இன்னும் இலகுவாக ஓடுவதாகக்கூடத் தோன்றும். முன்னதில் குறைவது கொஞ்சம் சக்தி; புதிய ஃபில்டர் போட்டால் அது திரும்பிவிடும். பின்னதில் போவது உலோகம், அது திரும்பாது. நாம் அஞ்சுவது முன்னதற்கு. அஞ்ச வேண்டியதோ பின்னதற்கு.

அதனால்தான் சர்வீஸுக்கு சர்வீஸ் ஃபில்டரைக் கழற்றிக் கம்ப்ரசர் காற்று அடிக்கும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறேன். காகித ஃபில்டரின் இயல்பு விசித்திரமானது. புதிதாக இருக்கும்போது அதன் வடிகட்டும் திறன் சற்றுக் குறைவு. தூசி படியப் படிய அந்தத் தூசிப் படலமே கூடுதல் வடிகட்டியாகிறது. தூசியில் 99 சதவீதத்தைப் பிடிக்கும் ஃபில்டருக்கும் 99.9 சதவீதத்தைப் பிடிக்கும் ஃபில்டருக்கும் வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை என்று தோன்றும். உள்ளே நழுவும் தூசியின் பக்கம் இருந்து பார்த்தால் அது பத்து மடங்கு. மேலே சொன்ன 60 கிராமில் முன்னது 0.6 கிராமை உள்ளே விடும், பின்னது 0.06 கிராமை. சாம்பல் நிறமேறிய ஃபில்டரைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். அது தன் வேலையை மிகச் சிறப்பாகச் செய்துகொண்டிருக்கும் நேரமாக அது இருக்கலாம். அதன்மீது ஏழெட்டு பார் அழுத்தத்தில் காற்றை நெருக்கிப் பிடித்து அடித்தால் மேல்தூசி பறக்கும், உண்மைதான். காகித இழைகள் விலகுவதும், மடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுவதும், நுண்தூசி இன்னும் ஆழமாகப் பதிவதும் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட எளிதாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. அவசரத்தில் மூடும்போது ரப்பர் விளிம்பு மடங்கிவிடுகிறது. அல்லது நான்கு கிளிப்புகளில் ஒன்று சரியாகப் பூட்டுவதில்லை. அந்தச் சின்ன இடுக்கு வழியாகப் போகும் காற்றுக்கு வடிகட்டலே கிடையாது.

‘கையேட்டிலேயே காற்றடித்துச் சுத்தம் செய்யலாம் என்று போட்டிருக்கிறதே?’ என்று கேட்கலாம். சில கையேடுகளில் இருக்கிறது, மறுக்கவில்லை. முறையாகச் செய்வதென்றால் இன்ஜினை நோக்கிய சுத்தமான பக்கத்திலிருந்து தூசிப் பக்கம் நோக்கி, குறைந்த அழுத்தத்தில், முனையைத் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். இரண்டு பாருக்கு மேல் போகக் கூடாது என்பது கனரக வாகனத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. டயருக்கும் வண்டி கழுவுவதற்கும் பயன்படும் அதே குழாயை எடுத்து, எந்தப் பக்கம் கைக்கு வாகாக இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து அடிப்பது கையேடு சொன்ன முறை அல்ல. முறையாகச் செய்ய நேரமும் பொறுமையும் இல்லாத இடத்தில், லேசாகத் தட்டிவிட்டு உள்ளே வைப்பதோ, தேவைப்பட்டால் புதிதாக மாற்றுவதோ நல்லது. ஒரே ஃபில்டரை மூன்று நான்கு முறை காற்றடித்து ஓட்டுவது சேமிப்பு ஆகாது.

சென்சாரும் கணினியும் இருக்கும்போது நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது அடுத்த எதிர்வாதம். இன்றைய காரில் எவ்வளவு காற்று வருகிறது என்று அளக்கும் கருவி இருக்கிறது. அந்தக் காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்கும் கருவி இல்லை. கிழிந்த ஃபில்டருக்கு எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. அடைப்பைக் காட்டுவதற்குக்கூட நம் சாதாரணக் கார்களில் ஏற்பாடு கிடையாது. லாரிகளிலும் டிராக்டர்களிலும் காற்றுக் குழாயில் சின்ன உருளை போன்ற மானி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஃபில்டரின் தடை வரம்பைத் தொட்டதும் அதில் சிவப்பு தெரியும். உழவு வண்டி ஓட்டும் விவசாயிக்கு ஃபில்டரின் நிலையை உள்ளபடி காட்டும் அந்த மலிவான கருவி, பத்து லட்சம் ரூபாய் காரில் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகள் சிலவற்றில் ஏர் ஃபில்டரின் மிச்ச ஆயுளை முகப்புத் திரையிலேயே காட்டுகிறது. தொழில்நுட்பம் இல்லாததால் நமக்குக் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

செலவு என்ற எதிர்வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. சிறிய கார்களுக்கு ஃபில்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துபோய் இன்ஜினை இறக்கினால் செலவு பல பத்தாயிரங்கள். ஆனால், விலை மலிவு என்பதற்காகப் பெயர் தெரியாத போலி ஃபில்டரை வாங்குவது வேறு கதை. அதில் காகிதத்தின் தரத்தைவிட விளிம்பின் அளவுதான் பெரும்பாலும் காலை வாரும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் அது பெட்டியில் இறுக்கமாக உட்காராது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று விற்கப்படும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்களும் நம் சாலைக்கு ஏற்றவை அல்ல என்பது என் முடிவு. அவற்றின் சிறப்பாகச் சொல்லப்படுவதே காற்று தடையின்றிப் போவதுதான். பந்தய மைதானத்தில் அது சரி. புழுதியில் நமக்கு வேண்டியது தடுப்பு. அளவுக்கு மேல் எண்ணெய் தடவினால் காற்றளவைச் சென்சாரில் அது படியும் ஆபத்தும் இருக்கிறது. பேச்சோடு பேச்சாக இன்னொன்று: பில்லில் ‘ஏசி ஃபில்டர்’ என்று வருவது வேறு. அது காருக்குள் இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கானது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ‘போன முறைதான் மாற்றினோமே’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

மழைக்காலத்தில் இதே பெட்டிக்கு இன்னொரு பயன் உண்டு. அது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அப்படி நின்ற காரை, தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவதுதான் பல இன்ஜின்களைக் கொன்றது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். சாவியைத் தொடும் முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதம் ஈரமாக இருந்தால், அல்லது பெட்டியில் சேறு இருந்தால், தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துச் செல்வதே வழி. நனைந்த காகித ஃபில்டரைக் காயவைத்துத் திரும்பப் போடுவதும் கூடாது.

இவ்வளவையும் கார் வைத்திருப்பவரின் சொந்தப் பொறுப்பு என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. தேய்ந்த ரிங் ஆயிலை எரிக்கிறது. எரிந்த ஆயில் நீலப்புகையாக வெளியே வருகிறது. அதன் சாம்பல், 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பிஎஸ்-6 நெறிக்காகப் பொருத்தப்பட்ட விலையுயர்ந்த புகைச் சுத்திகரிப்பு அமைப்புகளில் படிந்து அவற்றின் ஆயுளைக் குறைக்கிறது. தெருவில் நடப்பவர் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான். மேலும், காரை முதலில் வாங்கியவர் ஐந்தாறு ஆண்டுகளில் விற்றுவிட்டுப் போய்விடுவார். ஃபில்டரைக் கவனிக்காததன் விலையைக் கொடுப்பவர் அதைப் பழைய வண்டியாக வாங்கியவர். அப்படி வாங்குபவர்களில், கடன் வாங்கிப் பழைய காரை எடுத்து வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநர்களும் உண்டு. ஒரு லிட்டர் ஆயிலை மாதம்தோறும் கூடுதலாக ஊற்றிக்கொண்டே ஓட்டும் அவர்களுக்கு, அது எங்கே தொடங்கியது என்றே தெரியாது. மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தப் பேச்சே இருக்காது என்று சொல்வோர் உண்டு. அவற்றில் இன்ஜின் ஏர் ஃபில்டர் கிடையாது என்பது சரி. ஆனால், இன்று ஷோரூமிலிருந்து வெளிவரும் பெட்ரோல் கார் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நம் சாலையில் ஓடும்.

ஆகவே, கார் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஃபில்டரின் அடைப்பைக் காட்டும் மானியையோ திரைக் குறிப்பையோ எல்லா விலைக் கார்களிலும் கொடுக்க வேண்டும். ‘தூசி மிகுந்த சாலை’ என்றால் எந்தச் சாலை என்று கையேட்டில் தெளிவாக, தமிழிலும் எழுத வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்கள் மாற்றிய பழைய ஃபில்டரை வாடிக்கையாளரிடம் காட்டிய பிறகே பில் போட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. வாசகர்கள் செய்யக்கூடியது அதைவிட எளிது. அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது ஃபில்டர் பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பாதியில் தூசியும் சருகும் கிடந்தால் பதற வேண்டாம்; அது இருக்க வேண்டிய இடம்தான். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தை, இன்ஜினுக்குப் போகும் குழாயின் வாயை, ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் தூசி ஒட்டினால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி, அந்த ஃபில்டரை அன்றே மாற்றுங்கள். விளிம்பு உட்கார்ந்திருக்கிறதா, கிளிப்புகள் எல்லாம் பூட்டியிருக்கின்றனவா என்று உங்கள் விரலாலேயே தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.